உபயம் இல்லாத போர்டு

செராமிக் படிப்பை முடித்துவிட்டு, எந்தக் கம்பெனியிலும் போய் மாட்டிக்கொள்ளாமல், மூன்று மாசம் ஆறு மாசம் என்று துண்டு துண்டாக ஆலோசனை வேலை செய்தே பிழைக்கப் போகிறீர்களாமே. நல்லது. உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த மாதிரிக் கூட்டத்தில் பேச வருகிறவர்கள் உழைப்பு, நேர்மை என்று ஆரம்பிப்பார்கள். நான் கரண்டு பில்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். சுயதொழில் என்று பதியப் போகும்போது உங்கள் நேர்மைக்கு யாரும் ஜெராக்ஸ் கேட்க மாட்டார்கள், கரண்டு பில்லுக்குத்தான் கேட்பார்கள்.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் லேபில் வேலை பார்த்து ரிடையரானவள். எல்லோருக்கும் லேப் அக்கா. பிரிவு உபசார விழாவில் சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். வேலைக்குப் போன வரைக்கும் நேரம் பார்க்கவே நேரமில்லை, இனிமேல் பார்த்து என்ன ஆகப் போகிறதென்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் ஜமால் பாய் வந்தார்.

ஜமால் பாய் மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் இருந்த வரைக்கும் சம்பாதித்ததையெல்லாம் கொண்டுவந்து விருத்தாசலத்தில் ஒரு கேஸ் சூளை போட்டிருந்தார். கரண்டுக் கம்பத்தில் வெள்ளையாகக் கிண்ணம் கிண்ணமாக இருக்குமே இன்சுலேட்டர், அதற்கு முதல் ஆர்டரும் பிடித்துவிட்டார். நம்ம ஊர் சூளைகளில் சுட்ட சாமான் விரிசல் விட்டது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். அபசகுனம். அதனால் அவர் வந்து நின்றதும் இப்படித்தான் சொன்னார்.

"அக்கா, மொத சூளையே சிரிச்சிடுச்சுக்கா."

"எவ்வளவு சிரிச்சுது பாய்?"

"விழுந்து விழுந்து சிரிச்சிருக்குது."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆர்டர் கொடுத்த கம்பெனி ஒரு வழி சொல்லியிருந்தது. ஏன் இப்படி ஆனது என்று வெளியாள் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்தால், இன்னொரு தடவை சூளை வைத்துச் சுட்டுக் காட்ட அவகாசம் தருவார்கள். இல்லையென்றால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும்.

"வெளியாள்னா சும்மா வெளியாளு இல்லக்கா. பதிஞ்ச ஆளா இருக்கணுமாம். ஜிஎஸ்டி நம்பரு, லெட்டர்பேடு எல்லாம் வேணுமாம்."

"நான் எங்க பாய் பதிஞ்சிருக்கேன்? கல்யாணத்தப்ப சர்ச்சுல பதிஞ்சதோட சரி."

"பதிஞ்சிடுவோம். நானே கூட்டிட்டுப் போறேன். இந்த ஆர்டர் போச்சுன்னா நான் திரும்ப ஃப்ளைட்டு ஏறணும்க்கா. எம்பொண்ணு இப்பத்தான் என்னைப் பாத்து வெக்கப்படாம பேசுது."

அதைச் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது.

அடுத்த நாள் ஸ்டேஷன் ரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ். தனியாள் ஆலோசனை வேலை செய்ய நம்ம நாட்டில் பெரிய சடங்கு ஒன்றும் கிடையாது, பான் கார்டு இருந்தாலே நீங்கள் பாதி சுயதொழில்தான் என்று அவர் தைரியம் சொன்னார். வருமானம் சிறிதாக இருக்கும் வரை ஜிஎஸ்டியும் கட்டாயமில்லை. ஆனால் சட்டம் கேட்காததைக் கம்பெனி கேட்கிறது. கம்பெனி கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல், பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தானே என்று எல்லாப் பதிவையும் எடுத்து வைத்தீர்களென்றால், வேலை வராத மாசத்திலும் கணக்கு மட்டும் தாக்கல் பண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

"தொழில் பண்ற எடம் எதும்மா?"

"வூடுதான் சார்."

"கரண்டு பில்லு யார் பேர்ல இருக்குது?"

"மாமனார் பேர்ல."

"அப்ப அவருகிட்ட, எங்க வூட்டுல தொழில் பண்ண ஆட்சேபனை இல்லன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க."

"அவரு கல்லறையில இருக்காரு சார்."

ஆடிட்டர் பேனாவை மூடி வைத்தார். பாய் பக்கத்தில் இருந்து, "வேற வழி இருக்குதா பாருங்க சார், அவரு வரமாட்டாரு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அவசரத்தில் சொன்னார். கடைசியில் வீட்டு வரி ரசீது என் வீட்டுக்காரர் பேரில் இருப்பது ஞாபகம் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

கல்யாணமான நாளிலிருந்து சாம்பாரில் உப்பு முதல் என் தம்பி வருகை வரை எல்லாவற்றுக்கும் ஆட்சேபனை சொன்ன மனுஷன் அவர். அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

"ஆட்சேபனை இல்லன்னு போட்டிருக்குதே."

"ஆமாங்க."

"எதுக்குமேவா?"

"தொழிலுக்கு மட்டும். மத்ததுக்கு நீங்க வழக்கம்போல சொல்லிக்கலாம்."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, வீட்டில் ஆபீஸ் என்றால் டீ யார் போடுவது என்று கேட்டார். இங்கே பெண்பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன். முகவரிச் சான்று முதல் நாளே யார் பேரில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் பேரில் இருக்காது.

பிறகு பிரௌசிங் சென்டர். சிறுதொழில் பதிவுக்குக் காசு கிடையாது, ஆதார் இருந்தால் நீங்களே போனில் போடலாம். ஆனாலும் நாம் பிரௌசிங் சென்டருக்குத்தான் போவோம், அங்கே ஃபேன் ஓடும் என்பதால். அங்கிருந்த பெண் செராமிக் என்று கேட்டதும், என்னைப் பீங்கான் உற்பத்தியாளர் என்று தட்டப் போனாள். நான் எட்டிப் பார்த்திராவிட்டால் அன்றைக்கே நான் சூளை இல்லாத சூளை முதலாளி ஆகியிருப்பேன். பாய்க்குப் போட்டியாளர் எழுதிய ரிப்போர்ட்டை அந்தக் கம்பெனி எப்படி ஏற்றுக்கொள்ளும்? "செய்யறவங்க இல்லம்மா, சொல்றவங்க" என்றேன். "வெறும் சொல்றதுக்கா இவ்வளவும்?" என்று கேட்டுக்கொண்டே மாற்றினாள். நியாயமான கேள்விதான்.

அடுத்தது போர்டு. இடத்தைப் பார்க்க அதிகாரி வந்தாலும் வரலாம், வாசலில் பேர்ப்பலகை இருக்கட்டும் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பாய் கிளம்பிப் போனார். மறுநாள் ஆட்டோவில் வந்து இறங்கியது, கல்யாண மண்டபத்துக்கு வைக்கிற அளவில் ஒரு போர்டு. என் பேர், அதற்குக் கீழே செராமிக் ஆலோசகர், எல்லாம் பளிச்சென்று இருந்தது. அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: "உபயம்: ஜமால் இன்சுலேட்டர்ஸ்."

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயம் எழுதுகிற ஊர் நம்முடையது. பஸ் ஸ்டாண்டு சிமென்டு பெஞ்சில் உட்கார்ந்தால் எவனோ ஒருவனுடைய அப்பா நினைவில்தான் உட்கார வேண்டும். பாய்க்கு அதில் ஒரு கள்ளமும் இல்லை. ஆசையாகச் செய்துகொண்டு வந்திருந்தார்.

"பாய், இத அழிக்கணும்."

"ஏங்க்கா, எழுத்து சின்னதாப் போச்சா?"

"நான் யாரோட ஆளும் இல்லன்னு காட்டத்தானே இந்தக் கூத்தெல்லாம் பண்றோம். அடியில உங்க பேரப் போட்டா நான் உங்க ஆளுன்னு ஆயிடும். போர்டுக்கு என்ன செலவாச்சோ அத நானே குடுத்துடறேன்."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் தானே பெயின்டு வாங்கி வந்து அந்த வரியை அழித்தார். காசை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார், சட்டைப் பையில் திணித்து அனுப்பினேன். அதிகாரி யாரும் கடைசி வரை வரவில்லை. போர்டைப் பார்த்துவிட்டுத் தெருவில் இரண்டு பேர் வந்து, கக்கூஸ் பீங்கான் இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஜிஎஸ்டி நம்பர் வந்தது. அன்றைக்கே யூனிட்டுக்குப் போனேன். சூளையிலிருந்து எடுத்த இன்சுலேட்டர்களை, எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் தரையில் அடுக்கி வைக்கச் சொல்லியிருந்தேன். அதை மட்டும் பாய் ஒழுங்காகச் செய்திருந்தார்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். விரிசல் ஓரத்தில் நகத்தை வைத்து ஓட்டினேன். நெருப்பு ஏறும்போதே வெடித்திருந்தால் மேல்பூச்சு உருகி ஓரத்தை மழுக்கியிருக்கும். இங்கே ஓரம் கத்தி மாதிரி இருந்தது. பூச்சு இறுகின பிறகு, சூடு இறங்கும்போது வெடித்தது. அதுவும் கதவுப் பக்கத்து வரிசைதான் மொத்தமும் போயிருந்தது. பின்வரிசை முழுசாக இருந்தது, தட்டினால் கணீரென்று சத்தம் கேட்டது. மண் கெட்டிருந்தால் எல்லா வரிசையும் சேர்ந்து கெட்டிருக்க வேண்டும்.

"பாய், சூளை ஆறுறதுக்கு முன்னால கதவத் தொறந்தீங்களா?"

பாய் போனைப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. சட்டைப் பையில் வைத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

அவருடைய மச்சான், அதாவது அவர் சம்சாரத்தின் அண்ணன், யூனிட்டில் பாதிப் பங்கு போட்டவர். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். முதல் சூளையின் முதல் உருப்படியைத் தன் கையால் எடுத்துவிட்டுத்தான் போவேன் என்று காத்திருந்தார். சூளை ஆறவில்லை, சென்னைக்கு ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டது, மறுநாள் ஃப்ளைட். "கொஞ்சூண்டு தொறந்து காட்டேன், பாத்துட்டுப் போயிடறேன்" என்றிருக்கிறார். பாய் திறந்துவிட்டார். மச்சான் பார்த்தார், போட்டோ எடுத்தார், ஜங்ஷனுக்குப் போய் வண்டி ஏறினார். அவர் வண்டி ஏறுகிற நேரத்துக்குள் இங்கே முன்வரிசை சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். நம்ம ஆட்கள் நெருப்புக்குள்ளேயே நுழைத்துவிட்டார்கள்.

"மச்சானுக்குத் தெரியாதுக்கா. அவராலதான்னு தெரிஞ்சா மனசு விட்டுடுவாரு. எங்கூட்டுல அவ என்கிட்ட பேசமாட்டா, அண்ணன் மேலயே பழி போட்டியான்னு. மண்ணு சரியில்லன்னு எழுதிக் குடுத்துடுங்க. மண்ணுக்கு வாயா இருக்குது?"

"மண்ணுக்கு வாயில்ல பாய். மண்ணு குடுத்த கலியமூர்த்திக்கு வாயும் இருக்குது, வயிறும் இருக்குது."

கலியமூர்த்தி சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். களிமண் லோடு வாங்கி யூனிட்டுகளுக்குப் போடுகிறவர். மண் சரியில்லை என்று கன்சல்டன்ட் எழுதிவிட்டார் என ஒரு பேச்சு கிளம்பினால், அடுத்த வாரம் எந்த யூனிட் கேட்டிலும் அவர் வண்டியை உள்ளே விட மாட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

"ஒரு வரிதானேக்கா. உங்களுக்காக நான் எவ்வளவு அலைஞ்சேன்."

அலைந்தார். அதில் பொய்யில்லை. வெயிலில் என்னை வண்டியில் வைத்துக்கொண்டு ஆடிட்டர், பேங்க், பிரௌசிங் சென்டர் என்று சுற்றியவர் அவர். எனக்கு அப்போது கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்ததென்று தெரியவில்லை. கம்பெனியில் இருந்த காலத்தில் எங்கள் மேனேஜர் ஒருவர் இருந்தார். கஷ்டமான தாள் எது வந்தாலும், "நீ டெஸ்டு மட்டும் எழுதும்மா, முடிவ நான் எழுதிக்கிறேன்" என்பார். கெட்ட வார்த்தை பேசாமல் ஒரு வாக்கியம் முடிக்கத் தெரியாத மனிதர். ஆனால் அந்த முடிவு என்கிற இடத்தில் என்னை ஒருநாளும் நிற்க விட்டதில்லை. இன்றைக்கு அவர் இல்லை, கம்பெனி இல்லை, அந்த இடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். பயமாக இருந்தது என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"பாய், போர்டுல உபயத்த அழிச்சது ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"அங்க அழிச்சிட்டு ரிப்போர்ட்டுல எழுதச் சொல்றீங்களே. நீங்க சொல்றத எழுதணும்னா என்னை எதுக்குங்க பதிஞ்சீங்க? உங்க ஆபீஸுலயே ஒருத்தர வச்சு எழுதியிருக்கலாமே. என்னைத் தனியாளாக்கினது நீங்கதான்."

அவர் சூளைக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. உண்மை எழுத வேண்டும், சரி. ஊர் உண்மை எல்லாவற்றையும் எழுத வேண்டுமென்று யார் சொன்னார்கள்? என்னைக் கேட்டது ஏன் வெடித்தது என்பதை. யாருக்கு ட்ரெயின் என்பதை இல்லை.

"கதவ சீக்கிரம் தொறந்ததால வெடிச்சுதுன்னு எழுதுவேன். யாரு தொறந்தா, எதுக்குத் தொறந்தாங்கன்னு எழுத மாட்டேன். அது சூளைக் கணக்குல வராது, உங்க வூட்டுக் கணக்கு. மண்ணு நல்லா இருக்குதுன்னும் எழுதுவேன். பின்வரிசை சாட்சி."

"கம்பெனிக்காரன், இவனுக்குச் சூளையே வெக்கத் தெரியலன்னு ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துட்டா?"

"குடுத்தாலும் குடுப்பாங்க. மண்ணு மேல பழி போட்டா இப்ப அவகாசம் கெடைக்கும். அடுத்த வாட்டி மண்ண மாத்துவீங்க, மறுபடியும் யாராவது ட்ரெயினுக்கு நிப்பாங்க, கதவத் தொறப்பீங்க. அதுக்கப்புறம் என் ரிப்போர்ட்டும் காப்பாத்தாது."

அவர் சரி என்று சொல்லவில்லை. "போயிட்டு வாங்கக்கா" என்று மட்டும் சொன்னார். இத்தனை நாள் வண்டியில் கொண்டுவந்து விட்டவர் அன்றைக்கு விடவில்லை. ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். சொன்னபடியே எழுதினேன், பாய்க்கு ஒரு பிரதி, கம்பெனிக்கு ஒரு பிரதி. முதல் வேலையிலேயே வாடிக்கையாளரைத் துரத்தியடித்த ஆலோசகர் என்ற பெருமையோடு போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஆட்சேபனை ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

பாய் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் மச்சான் கூப்பிட்டார், வளைகுடாவிலிருந்து. பங்குதாரர் என்பதால் ரிப்போர்ட்டை பாய் அவருக்கும் அனுப்பியிருந்தார். என்ன மனசோடு அனுப்பினாரோ தெரியாது, அனுப்பிவிட்டார்.

"மேடம், கதவு தொறந்ததுன்னு போட்டிருக்கீங்களே. நான் வந்திருந்த அன்னைக்கா?"

"ரிப்போர்ட்டுல யாரு பேரும் இல்லைங்க."

"அதான் கேக்கறேன். ஏன் போடல?"

"நான் அன்னைக்கு அங்க இல்லைங்களே."

"ஜமாலு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க, கிறுக்கன்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. வைத்துவிட்டார்.

கம்பெனி அவகாசம் கொடுத்தது. காரணம் தெரிந்திருக்கிறது, மண்ணும் நன்றாக இருக்கிறது, இன்னொரு சூளை போட்டுக் காட்டட்டும் என்று பாய்க்குச் சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். என் பேச்சைக் கேட்டு, நேர்மையாக எழுதினால் ஆர்டர் தானாக வந்துவிடும் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லாதீர்கள். அந்த நாளில் எனக்கு ஜாதகம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது சூளைக்கு பாயே வண்டியில் வந்து என்னைக் கூட்டிப்போனார். நெருப்பை அணைத்ததும், கதவுக்குக் குறுக்கே ஒரு சங்கிலி போட்டார், கடைவீதியில் வாங்கிய பெரிய பூட்டு ஒன்றை மாட்டினார், சாவியை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே வச்சிருங்க. என்கிட்ட இருந்தா நான் தொறந்துடுவேன்."

சூளை ஆறுகிற வரைக்கும் அவருக்கு வந்த போன்களைச் சொல்லி மாளாது. சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள், லாரிக்காரர் எல்லோருக்கும் எட்டிப் பார்க்க வேண்டும். எல்லோரிடமும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். "எனக்கென்னங்க, நான் இப்பவே தொறந்துடுவேன். அந்தம்மா கவர்மென்டுல பதிஞ்ச ஆளு. சாவி அவங்ககிட்ட இருக்குது. நம்ம பேச்சக் கேக்க மாட்டாங்க." கன்சல்டன்ட் எதற்கு என்று அந்தப் பிரௌசிங் சென்டர் பெண் கேட்டாளே, அதற்கு எனக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல மனசு வராத நல்லவர்களுக்குப் பதிலாக வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திட்டு வாங்கத்தான் நாம் பதிந்துகொள்கிறோம். உங்களில் யாருக்காவது நாலு பேரிடம் நல்ல பேர் வாங்கும் ஆசை இருந்தால் இப்போதே கம்பெனியில் சேர்ந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கைப்பைக்குள் இருந்த அந்தச் சாவியை நான் எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. எனக்கும் எட்டிப் பார்க்க அவ்வளவு ஆசை. பழமலைநாதர் கோயில் வரைக்கும் நடந்து போய், மாதா கோயில்காரி எனக்கு அங்கே என்ன வேலை என்று பூக்கடைக்காரம்மா கேட்கிற மாதிரி கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். பதறாத காரியம் சிதறாது என்று சொன்னவர் கட்டாயம் ஒரு சூளை வாசலில் காத்துக்கிடந்திருப்பார்.

ஆறின பிறகு பூட்டைத் திறந்தோம். பாய் "பிஸ்மில்லா" என்று சொல்லி, முன்வரிசையிலிருந்து முதல் இன்சுலேட்டரைக் கையில் எடுத்தார். நான் செய்த மாதிரியே நகத்தை வைத்துச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தார். தட்டினார். கணீரென்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மச்சானுக்கு வீடியோ கால் போட்டு, இன்சுலேட்டரைப் போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

"மச்சான், பாரு. சிரிக்கவே இல்ல."

மச்சான் இன்சுலேட்டரைப் பார்க்கவில்லை. பாய்க்குப் பின்னால் திறந்து கிடந்த கதவைத்தான் பார்த்தார்.

"டேய், அந்தம்மாகிட்ட கேட்டுட்டுத்தானே தொறந்தே?"